நடுவில் தண்டுள்ள நட்சத்திர மண்டலம்

நெய்வேலி
6.6.1965

என் செல்ல மகள் சந்திரகலாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். ஹாஸ்டல் சாப்பாட்டில் நீ இளைத்துத்தான் போயிருப்பாய். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. அப்பாவோடு மைன்ஸில் வேலை பார்க்கும் ராஜாங்கம், தன் மகனுக்கு உன்னைக் கேட்கிறார். பையனுக்கு வேலை பெர்மனென்ட், குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது. இருபதாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். எம்.எஸ்ஸி. முடித்தது போதும், ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம் என்கிறார் அப்பா. அவர் கோபம் உனக்குத் தெரியும். அடம் பிடிக்காமல் வந்து சேர்.

உன் அன்பு
அம்மா


சென்னை
10.6.1965

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் வரவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பேராசிரியர் என்னிடம் ஒரு புகைப்படத் தகட்டைக் கொடுத்திருக்கிறார். வெகுதொலைவில் உள்ள ஒரு நட்சத்திர மண்டலம். நடுவில் நட்சத்திரங்களாலேயே ஆன நீண்ட தண்டு. அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கைகள் சுருண்டு விரிகின்றன. அப்பா தோண்டும் நிலக்கரி பச்சை மரமாக நின்றதற்கும் முன்னால் கிளம்பிய வெளிச்சம் அது. அத்தனையும் சுழலும்போது அந்தத் தண்டு ஏன் கலைந்துபோகவில்லை? இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது அம்மா. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு வா என்பவர் வேண்டாம். அப்பாவிடம் இதை அப்படியே வாசியுங்கள்.

சந்திரகலா


நெய்வேலி
21.6.1965

அன்பு மகள் சந்திரகலாவுக்கு,

வாசித்தேன். அப்பா கத்தித் தீர்த்தார். பிறகு, உனக்குக் காய்ச்சல் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னார். நேற்று அவர்கள் வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். ராஜாங்கத்தின் மனைவி சிரித்துவிட்டு, ரெண்டு மாதம் கண்டித்து வைத்தால் பெண் தானாக மாறிவிடும் என்றாள். அப்பா தலையாட்டினார்.

"அவ மாற மாட்டா. மாத்தவும் நான் விட மாட்டேன். காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நேற்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. இன்று கேரியரை எடுக்காமலே ஷிஃப்டுக்குப் போய்விட்டார். போகட்டும், கேன்டீனில் சாப்பிடட்டும்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்தக் கைகள் மட்டும் சுற்றுகின்றனவா, தண்டும் கூடவே சுற்றுகிறதா? புரியும்படி எழுது. கவரின் மேல் இனி அப்பா பெயர் வேண்டாம். என் பெயரைப் போடு.

உன் அம்மா
தமயந்தி