இரண்டு குகைகளின் குஞ்சுகள்

மார்ச் 3
ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே கோபம். வெவ்வேறு குகைகளிலிருந்து வந்த குருட்டு மீன்களை ஜோடி சேர்த்த தொட்டியில், குஞ்சுகளுக்குக் கறுப்பாகக் கண்! அப்பாவும் குருடு, அம்மாவும் குருடு, குஞ்சுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? கண்ணுள்ள ஆற்று மீன்களின் தொட்டியில் விட்ட வலையை, ஒட்டிய முட்டையோடு, அலசாமல் இதில் விட்டிருப்பான் கூட வேலை செய்கிறவன், வேறென்ன. அவனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். கெண்டை என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவோம். "சத்தியமா அந்த வலையை இதுல விடலை" என்றான். நம்பவில்லை. அத்தனை குஞ்சுகளையும் மயக்க மருந்துத் தண்ணீரில் கொட்டிக் கொன்றேன்.

மார்ச் 4
அம்மா போன். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அதே கேள்வி. "ஜீன் ஜீன்னு மண்டையை உடைச்சுக்கிறியே, பிறக்கப்போற பாப்பாவுக்குக் காது கேக்குமா கேக்காதா, அதைச் சொல்லேன்."

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் கணவருக்கும் அப்படித்தான். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஜீன் பரிசோதனை எதுவும் வேண்டாம் என்று இருவரும் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். "அப்புறம் என்ன பெரிய படிப்பு" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 9
வேலை ஓடவில்லை. கடித்துக் கடித்து நகம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 12
அன்று கொட்டியதில் சில குஞ்சுகளைக் கெண்டை எடுத்து வைத்துச் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறான். மரபணுச் சோதனை முடிவு வந்தது. ஆற்று மீனின் வாடையே இல்லை. அப்பா ஒரு குகை, அம்மா மற்றொரு குகை.

வலையில் தப்பில்லை. ஒரு குகை மீனிடம் பழுதான ஜீன் வேறு, மற்றதிடம் பழுதானது வேறு. அப்பாவிடம் கெட்டது அம்மாவிடம் நன்றாக இருந்தால் குஞ்சு தப்பித்துக்கொள்ளும். இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்! அதுவே கண்முன் நீந்தினால் கொட்டிவிடுவேனா? மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிக் கொடு, போதும்" என்றான் கெண்டை.

மார்ச் 30
மறுபடி ஜோடி சேர்த்தோம், மறுபடி குஞ்சுகள். கண்ணாடிக் கிண்ணத்தைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட காகித உருளையைச் சுழற்றினோம். பார்வை இருந்தால் கோடு நகரும் பக்கமே மீனும் திரும்பும். பெரும்பாலானவை கண்டுகொள்ளவே இல்லை. பிறகு ஒன்று திரும்பியது. இன்னொன்று. உருளையை எதிர்ப்பக்கம் சுழற்றினால் அவையும் எதிர்ப்பக்கம் — கெண்டை என் தோளைப் பிடித்து உலுக்கினான். எத்தனையோ தலைமுறையாக அந்தப் பரம்பரையில் யாரும் எதையும் பார்த்ததில்லை.

கை பரபரத்தது. தங்கைக்கு வீடியோ கால் போட்டேன். மீன், குகை, கண் — எல்லாவற்றையும் சைகையில் கொட்டினேன். உனக்கு ஒரு ஜீனும் அவருக்கு வேறொன்றும் பழுதாக இருந்தால் குழந்தைக்குக் காது கேட்கும், கவலையை விடு என்றேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு அவள் கைகள் பேசின: "நான் கவலைப்படறேன்னு உனக்கு யார் சொன்னது? நான் என்ன உன் தொட்டி மீனா, அக்கா?"

திரை அணைந்தது.

ஏப்ரல் 2
தங்கைக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 19
இன்றும் இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அப்படி என்ன கெட்டதாச் சொல்லிட்டேன்? நல்லதுதானே சொன்னேன்? — நல்லது எதுன்னு முடிவு பண்ணினது யாரு? நான்தான். கண் இருந்தா ஏதோ தப்பு நடந்திருக்குன்னு கொட்டினேன். காது கேக்கலைன்னா பழுதுன்னு அவ முகத்துக்கு நேரா சொன்னேன். அந்தக் குருட்டு மீனுங்க இருட்டுல எவ்வளவு ஒழுங்கா இரை தேடுதுன்னு தினம் பார்க்கிறவ நான். ச்சே.

மே 6
தங்கை நன்றாகச் சாப்பிடுகிறாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "என்னடி இது, சின்னப் பிள்ளைங்க மாதிரி" என்றாள் அம்மா. இப்படியே குழந்தையைக்கூடக் காட்டாமல் இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 14
பெண் குழந்தை. "வா" என்று ஒரே வார்த்தை வந்தது, தங்கையிடமிருந்து. செருப்பு எந்தக் காலில் எது என்று பார்க்காமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரித் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை பார்க்காத நேரத்தில், கைதட்டிப் பாரேன் என்று அம்மா ஜாடை காட்டினாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நர்ஸ் ஒரு சின்னக் கருவியோடு வந்து குழந்தையின் காதில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு காதும் நல்லாக் கேக்குது" என்றார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். தங்கை வேறு யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கேட்குமாம் என்று மட்டும் கையசைத்தேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது விழித்துக்கொண்டு வீறிட்டது. திறந்த வாயையும் சிவந்த முகத்தையும் அவள் குனிந்து பார்த்தாள். அள்ளி நெஞ்சில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் என்னைக் கேட்டாள்: "எப்படி அழுறா? நீ சொல்லுக்கா."

இவள் பிறந்தபோது பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இவள் அழுகையைக் கேட்டவள் நான்.

"அப்படியே உன் குரல்."

"என் குரல் எப்படி இருக்கும்?"

"காது கிழியும்."

என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னும் வலிக்கிறது.