கோணி அனுப்பாத வருஷம்

அக்டோபர் 14, திங்கள்

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல்தான் வெயில். கொட்டகையில் தண்ணீர்க் குழாய் இரண்டு இடத்தில் அடைப்பு. ஊசியால் குத்திச் சரிசெய்தேன்.

தீவனக் கடைக்குப் போன். மக்காச்சோளம் மறுபடியும் ஏற்றம். போன வாரம் ஏறினது போதாதா என்று கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார்: "எங்க கைல என்னம்மா இருக்குது? சரக்கே வர்றதில்ல. பாதிய புழு தின்னுடுச்சு. மீதிய எத்தனால் பேக்டரிக்காரன் வாரிக்கிட்டுப் போறான்."

புரட்டாசி முடிய இன்னும் இரண்டு மூன்று நாள். ஊரில் பாதிப் பேர் முட்டையைத் தொடுவதில்லை. தீனி விலை மேலே, முட்டை விலை கீழே. நடுவில் நானும் என் ஆயிரத்து இருநூறு கோழிகளும்.

வாங்க வேண்டியது: கிளிஞ்சல் தூள், பல்பு 2, அவருக்கு பி.பி. மாத்திரை, துடைப்பம்.

அக்டோபர் 15

தூறல். நின்றுவிட்டது.

அவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் கம்பெனி பஸ் கதை. பஸ் முழுக்க பெட்ரோலில் கலக்கிற எத்தனால் பேச்சாம். ஒருத்தர் பைக் மைலேஜ் போச்சு என்கிறார். இன்னொருத்தர், வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொட்டற காசு நம்ம விவசாயிக்கு வந்தா என்ன கெட்டுப்போச்சு என்கிறார். பின் சீட்டில் இருந்து ஒரு குரல், திங்கிற பொருள வண்டியில ஊத்தறது பாவம் என்று.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வாயே தொறக்கல. ஒரு பக்கம் பொண்டாட்டி, இன்னொரு பக்கம் மச்சான். எங்க பேசறது?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். நான் மக்காச்சோளம் வாங்குகிறவள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரம் இருக்கும் தம்பி முனிராஜ் அதை விளைவிக்கிறவன். விலை ஏறினால் எனக்கு வயிற்றெரிச்சல், அவனுக்குப் பாயசம்.

இதையும் எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் கதிர் காய்ந்ததும் என் காலிக் கோணிகளைத் துவைத்து, கிழிசல் தைத்து, கட்டாகக் கட்டித் தம்பிக்கு அனுப்புவேன். கோணி போய்விட்டால் அந்த வருஷத்து மக்காச்சோளம் அக்காவுக்கு. விலை பேச்சே கிடையாது. அன்றைக்குச் சந்தையில் என்னவோ அதுதான். பண்ணை வைத்த நாளிலிருந்து இப்படித்தான்.

இந்த வருஷம் அனுப்பவில்லை. எத்தனால் தரகர் சந்தைக்கு மேலேயே விலை கொடுக்கிறாராம். தம்பி மகள் நர்சிங் சேரவேண்டும். என் கோணியைப் பார்த்தால் அவன் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான், நல்ல விலை கண்முன்னால் நின்றாலும். அதனால் கோணிக் கட்டு பரணிலேயே இருக்கிறது. அவன் ஒரு வருஷமாவது நல்ல விலை பார்க்கட்டும்.

அக்டோபர் 17

கோழி எடுக்கும் வியாபாரிக்குப் போன் பண்ணிவிட்டேன். 26ஆம் தேதி, சனிக்கிழமை லாரி வரும்.

"முட்ட நின்ன கோழி மட்டுமாம்மா?"

"மொத்தமும்."

இந்தத் தீனி விலையில் இனிக் கட்டாது. காபி போட்டுக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், குடித்து முடித்தபின்தான் தெரிந்தது.

ஓசூர் போகும் வழியில் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல். பங்கில் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோழிகள் தின்ன வேண்டியதில் கொஞ்சம் இதற்குள் போகிறது. வண்டி அதைக் குடித்துவிட்டு என்னைச் சுமந்துகொண்டு போகப்போகிறது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மனுஷன் எதை எதையெல்லாம் ஓடவைக்கிறான் என்ற மலைப்புதான் வந்தது. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

அக்டோபர் 18, வெள்ளி

நல்ல வெயில். கடைசி முயற்சியாக கர்நாடக எல்லை தாண்டி அந்த எத்தனால் பேக்டரிக்கே போனேன். மக்காச்சோளத்திலிருந்து சாராயத்தை இறக்கியபின் மிஞ்சும் சக்கை தீவனத்துக்கு ஆகும், விலை குறைவு என்று கேள்வி.

எப்படி எழுதுவது? ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் லாரி வரிசை. டிரைவர்கள் சாலையோரத்திலேயே சமைக்கிறார்கள். உள்ளே கொட்டகைக்குள் மக்காச்சோளம் மலையாக. அதன்மேல் ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான், எறும்பளவு தெரிந்தான். நான் என் வாழ்நாள் முழுக்க அரைத்த தீனி அந்த மலையின் ஓரத்தில் ஒரு சரிவுக்குக் காணாது. காற்று முழுக்கப் புளித்த வாசனை, ஆட்டிவைத்த தோசை மாவு பொங்கி வழிகிற மாதிரி. வெள்ளைக் கோபுரங்களில் இருந்து ஆவி. வாய் பிளந்து நின்றேன்.

வாட்ச்மேன் கன்னடத்தில், "ஏனம்மா, யாவ ஊரு?" எந்த ஊரென்று கேட்கிறார். சொன்னேன். தமிழுக்கு மாறி, பார்த்தது போதுமா என்று சிரித்தார். "நாங்களும் மொதல்ல இப்பிடித்தாம்மா நின்னோம். இப்போ மூக்கு பழகிருச்சு."

சக்கை ஒரு மூட்டை வாங்கி வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

டாக்டரிடம் (கால்நடை) கேட்டேன். கொஞ்சமாகக் கலக்கலாம், மக்காச்சோளத்துக்குப் பதிலாக முழுக்க வேண்டாம் என்றார். மக்காச்சோளத்தில் பூஞ்சை விஷம் இருந்தால் சாராயத்தோடு போகாதாம், சக்கையிலேயே தங்கி இன்னும் கெட்டிப்படுமாம். அந்த வழியும் அடைபட்டது.

இரண்டு வாரமாக மக்காச்சோளத்தைக் குறைத்து அரிசி நொய்யைக் கலந்து சமாளிக்கிறேன். அதற்கும் இன்று பலன். முட்டை எடுக்கும் கேன்டீன்காரம்மா போனில் ஒரே சத்தம்: "மஞ்சக் கரு வெள்ளையா கெடக்குது. பிளாஸ்டிக் முட்டையான்னு கேக்கறானுங்க பசங்க!"

ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். உண்மைதான், எலுமிச்சை வெளுப்பு. மக்காச்சோளத்தின் மஞ்சள்தானே கருவுக்குள் போய் உட்காருகிறது. தம்பி காட்டு மண்ணிலிருந்து தட்டைக்கு ஏறி, கதிருக்கு ஏறி, கோழி வயிற்றுக்குள் நுழைந்து, ஓட்டுக்குள் உருண்டையாக. இத்தனை வருஷம் தினமும் முட்டை பொறுக்கியிருக்கிறேன், ஒரு நாளும் இதை நின்று யோசித்ததில்லை. இல்லாமல் போனபிறகு ஆச்சரியப்படுகிறேன்.

அக்டோபர் 22

மேகம் கறுத்துக் கிடக்கிறது. காற்று இல்லை.

தம்பி மனைவி கலா போன். எடுத்ததும் அழுகை.

"எங்க மேல என்ன கோவம் அண்ணி?"

"எனக்கென்னடி கோவம்?"

"கோணி வரலியே அண்ணி. பத்து நாளா களத்துல குவிச்சுப் போட்டுட்டுக் காவல் இருக்கறாரு. தரகர் மூணு வாட்டி வந்துட்டாரு. அக்கா கோணி வரட்டும், அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டாரு."

"ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

"கோணிய எப்பிடி அண்ணி கேட்டு வாங்கறது? நீங்க அனுப்பலன்னா, தம்பி சரக்கு வேணாம்னு அர்த்தம். அதைக் கேக்க அவருக்கு வாய் வரல."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பத்து நாள் அவனை வெட்டவெளியில் உட்காரவைத்திருக்கிறேன். முட்டாள் நான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கள் வீட்டில் எதைத்தான் வாய்விட்டுச் சொன்னோம்?

கோணிக் கட்டை இறக்கியாயிற்று. நாளை முதல் பஸ்.

அக்டோபர் 23, புதன்

கை வலிக்கிறது. சுருக்கமாக.

பஸ்ஸில் ஏறும்போதே தூறல். நான் போய்ச் சேருவதற்குள் அங்கே ஒரு பாட்டம் அடித்துவிட்டது. களத்தில் மக்காச்சோளக் குவியல்மேல் தார்ப்பாய், அதற்கு மேல் வீட்டுப் பாய்கள், கலாவின் பழைய சேலைகள். ஒரு பக்கம் காற்று பிய்த்து எறிந்திருந்தது. களத்து ஓரத்தில் யானைக் காலடி, ஒவ்வொன்றும் ஒரு அண்டா அகலம், உள்ளே மழைத் தண்ணீர். விடியக்காலம் வந்ததாம். குவியலைப் பார்த்து நின்றுவிட்டு, பக்கத்துக் காட்டு ராகிக்குள் திரும்பிவிட்டதாம்.

"நீ வர்றேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது. உனக்கு விட்டுட்டுப் போயிருச்சு" என்றான் தம்பி. 

கோணி அனுப்பாத காரணத்தைச் சொன்னேன். நல்ல விலை வரட்டும் என்றுதான். கேட்டுக்கொண்டே மணியை அள்ளி அள்ளிப் பார்த்தான். "அதைச் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்" என்றான்.

"என்னன்னு?"

"உன் கோழிக்கு இல்லாம வண்டிக்குப் போட எனக்கு மனசு வராதுன்னு."

குனிந்து கோணியைப் பிரித்தேன். கண்ணீர் மறைத்தது.

பாட்டிலில் காய்ந்த உப்பும் மணியும் போட்டுக் குலுக்கிப் பார்த்தோம். மணியில் ஈரமிருந்தால் உப்பு பாட்டிலில் ஒட்டும். அடிக் குவியல், உப்பு ஒட்டவில்லை, நன்றாகக் காய்ந்த மணி. மேல் பக்கமும் காற்று பிய்த்த பக்கமும் பாட்டில் சுவரெல்லாம் உப்பு. பாதிக்குப் பாதி. மறுபடி மழை வருவதற்குள் நல்லதை மட்டும் மூட்டை கட்டினோம், மூன்று பேரும், சாப்பிடாமல்.

அக்டோபர் 24

தம்பி நல்ல மூட்டைகளோடு டெம்போவில் வந்து இறங்கினான். ஈரமானதைத் தரகர் எடுத்துக்கொண்டாராம், முன்பு சொன்ன விலைக்கு இல்லை. பூஞ்சை பிடிக்குமே என்று இவனே எச்சரித்திருக்கிறான். தரகர் சொன்னது: "கோழிக்குத்தாம்பா அது வெசம். வண்டிக்கு என்ன வயித்து வலியா வரப்போவுது?"

நல்ல விலையை என் மௌனம் தின்றுவிட்டது. சொல்லி அழுதேன். "விடுக்கா" என்றான்.

இருக்கும் மக்காச்சோளத்துக்குப் பாதிக் கோழிகளை வைத்துக்கொள்ளலாம். மொத்தமும் இல்லை, பாதி என்று வியாபாரிக்குச் சொல்லியாயிற்று. தம்பி சனிக்கிழமை வரை இருக்கிறான்.

அக்டோபர் 25

புதுத் தீனி அரைத்துப் போட்டேன். கோழி மூக்குகள் தட்டும் சத்தம் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. அவர் நாளைக்கு லீவு போட்டுவிட்டார்.

அக்டோபர் 26, சனி

வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தோம். கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, வாலுக்குக் கீழே இரண்டு எலும்புக்கு நடுவே விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று விரல் இடம் கொடுத்தால் நன்றாக முட்டையிடுகிறவள். ஒரு விரல் என்றால் நின்றுவிட்டவள். அவரும் தம்பியும் பிடித்துக் கொடுத்தார்கள், நான் பார்த்தேன்.

ஒரு விரல்காரிகள் கொஞ்சம்தான். பாதிக் கணக்குக்குப் போதவில்லை. இரண்டு விரல்காரிகளையும் தள்ள வேண்டியதாயிற்று. சிலது தள்ளும்போது என் விரல்களை நானே நம்பவில்லை. ஒவ்வொன்றின் நெஞ்சும் என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. இவ்வளவு சின்ன உடம்பு, தினம் ஒரு முட்டை. ஒரு பிடி மணியைத் தின்றுவிட்டு. இந்த மாதிரி ஒரு பேக்டரியை யாரால் கட்ட முடியும்?

மதியம் லாரி நிறைந்தது. டிரைவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், "அம்மா" என்று கூப்பிட்டார். ஒரு கூண்டுக்குள் கையை விட்டு எடுத்து என் கையில் வைத்தார்.

முட்டை. இன்னும் சூடாக இருந்தது.