முன் பெஞ்சில் உன் தங்கச்சி

லப்பைக்குடிக்காடு
20.11.2006

அன்பு மகன் முகமது அனஸுக்கு அம்மா ஜைனம்பு ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் துபாயில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். அத்தாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது. வியாழக்கிழமை போனில் நீ அவரிடம் கத்தியதற்குப் பதிலை நான் எழுதுகிறேன்.

உன் ரூம்காரன் யாரோ, "என்னடா, ஒன் தங்கச்சி டிவியில வருதாமே" என்று கேட்டானாம், உனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டதாம். நடந்ததைக் கேள். இர்பானா பிளஸ் டூ கணக்கு டியூஷனில் பையன்களோடு உட்காரக் கூடாது என்று நீதான் கேமராவும் மைக்கும் அனுப்பினாய். அமிர்தலிங்கம் சார் டியூஷன் எடுக்கிற மாடிக்குக் கீழேயே ராசாங்கத்தின் கேபிள் ரூம், அங்கே ஒயர் இழுத்து, பையன்கள் மாடியில், நம் பெண்பிள்ளைகள் அவரவர் வீட்டு டிவி முன்னால் என்று ஏற்பாடு. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ராசாங்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய ஆள். சார் போர்டில் எழுதினால் அவர் கேமரா சார் முகத்துக்குப் போகும், கணக்கு முடிந்தால் டிவியில் ரோஜாப்பூ கொட்டும். போர்டைக் காட்டுங்கண்ணே என்று இர்பானா போன் செய்தால், "எழுத்தை என்னம்மா காட்டறது, ஆளைக் காட்டினாத்தான படம்" என்கிறார். சந்தேகம் கேட்கவும் அதே போன்தான். இவள் கேள்வி மாடிப்படி ஏறுவதற்குள் சார் இரண்டு கணக்கு தாண்டியிருப்பார். காலாண்டில் இருநூறுக்கு நாற்பத்தொன்று வாங்கினாள். மாடியில் உட்கார்ந்த பையன்களில் ஒருத்தன்கூட ஃபெயில் இல்லை.

அப்புறம்தான் நானே அவளைக் கூட்டிப்போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். கேமராவை ஸ்டாண்டில் மாட்டிப் போர்டுக்கு நேராக நிறுத்தி, யாரும் இதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் அவள் முக்காடு போட்ட பின்தலை தெரிகிறது, அதைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உன் ஆபீஸில் பக்கத்து மேசையில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அவர்களுக்கெல்லாம் அண்ணன் இல்லையா? பள்ளிவாசல் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து அத்தாவிடம் விசாரித்தார்கள். "எம் மவ ஃபெயிலானப்ப யாரும் வந்து கேக்கலீங்களே" என்று நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன், டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

நேற்று சார் இவளை எழுப்பி ஒரு கணக்கைப் போர்டில் போடச் சொன்னார். போட்டு முடித்தவள் கேமராவைத் திரும்பிப் பார்த்து, "வூட்ல பாக்கறவங்களுக்குப் புரியலைன்னா போன் பண்ணாதீங்க, கெளம்பி வாங்க, பெஞ்சு காலியாத்தான் கெடக்கு" என்றாள். முகம் முழுசாக ஊருக்கே தெரிந்துவிட்டது. வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எதிர்வீட்டு அஸ்ரினும் அவளோடு படியேறியிருக்கிறாள்.

டியூஷனை நிறுத்தச் சொல்லி இனி அத்தாவுக்குப் போன் செய்யாதே, அவர் நிறுத்தினாலும் நான் நிறுத்த மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். ஒன்று மறந்துவிடாதே, அந்த மைக் சார் பேசுவதை மட்டும்தான் பிடிக்கிறது, பெஞ்சிலிருந்து பிள்ளைகள் கேட்பது வீடுகளில் கேட்பதில்லை. நீள ஒயரோடு இன்னொரு மைக் அனுப்பு. பார்சலில் இர்பானா பெயரை எழுது.

உன் அம்மா
ஜைனம்பு