இரட்டை லைன் நிக்காஹ்

மீர்பூர், டாக்கா
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இம்தியாஸுக்கு உன் அம்மா எழுதுவது, அல்லாஹ் உன்னை நல்லபடி வைக்கட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. உன் சுகத்தை விசாரிக்க அவசியமில்லை, நீ மாண்ட்ரியலில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருப்பதை உன் அறைத் தோழன் போட்ட படத்தில் பார்த்துவிட்டேன். ஒரு வாரமாகப் போன் செய்தால் எடுப்பதில்லை, அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இதற்கு லைன் போய்விட்டது என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

நிக்காஹ் அன்றைக்கு இந்தப் பக்கம் நடந்தது உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. எல்லாம் உன் லுத்ஃபர் மாமாவின் கைவரிசை, என் கூடப் பிறந்த தம்பிதான், என்ன செய்வது. மாப்பிள்ளை கனடாவில், பெண் தாஹ்மினா டாக்காவில், நம் வீட்டுக் கூடத்தில் வீடியோவில் நிக்காஹ் என்று முடிவானதுமே, "அக்கா, நெட்ட எங்கிட்ட விட்டுடு" என்று மார்தட்டினான். இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கினான், நடுவில் ஒரு பெட்டியை வைத்தான். அது இரண்டு லைனுக்கும் வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்குமாம், ஒன்று செத்தால் எல்லாவற்றையும் மற்றதன் தலையில் ஏற்றிவிடுமாம். வருகிறவர் போகிறவர் முன்னால் ஒரு ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டினான், பால்காரரைக்கூட விடவில்லை. முந்தின நாளே ஒரு கம்பெனியின் லைன் தெருக்கோடியில் படுத்துவிட்டது. பெட்டிக்கு அது தெரியவில்லை, வீட்டுக்குள் ஒயர் சொருகியிருந்தால் அதற்குப் போதும், பாதி வேலையை அந்தச் செத்த லைனுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. வீட்டில் பாதிப் பேருக்கு நெட் ஓடியது, பாதிப் பேருக்கு ஓடவில்லை. கேட்டால் "அதான்க்கா சமபங்கு" என்கிறான். இந்த அறிவுக்கு ஒரு பெட்டி வேறு.

இரண்டு கம்பெனி என்றானே, ஜன்னலைத் தாண்டி அந்த ஒயர்கள் எங்கே போகின்றன என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தானா? இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே நைலான் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டருக்கும் அவனேதான் சொல்லியிருந்தான். காலையில் வரவேண்டியது ஆடி அசைந்து வந்து சேர்ந்தது நீ சம்மதம் என்று மூன்று தடவை சொல்லவேண்டிய கபூலில் இரண்டாவதைச் சொன்ன நேரம். லாரி மேல் இருந்த ஜெனரேட்டர் அந்த ஒயர்க் கட்டை மாட்டி இழுத்து, கம்பத்தையே சாய்த்துவிட்டது. திரையில் நீ வாயைப் பாதி திறந்தபடி நின்றுபோனாய். மூன்றாவது கபூல் யார் காதிலும் விழவில்லை, தாஹ்மினாவோ தன் மூன்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

நிக்காஹ்வைப் புத்தகத்தில் எழுத வந்த காஜி பேனாவைப் பிடித்தபடி எல்லாரையும் பார்த்தார். உன் மாமா எழுந்து, "நான் கேட்டேன் காஜி சாப், தெளிவா கபூல்னான், நீங்க எழுதுங்க" என்றான். இரண்டு லைன் போட்டும் கோட்டைவிட்டான் என்று நாலு பேர் சிரிப்பார்களே, அந்த வெட்கத்தை மறைக்க ஒரு பெண்ணின் வாழ்க்கையையே பலிகொடுக்கத் துணிந்தான். தாஹ்மினா முக்காட்டை ஒதுக்கி, "எனக்குக் கேக்கல மாமா. என் காதால கேக்கணும்" என்றாள். தன் போனை எடுத்து அவளே உன்னைக் கூப்பிட்டாள், அதற்கு அவன் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை, கம்பமும் வேண்டியிருக்கவில்லை. மாமா, "அங்கயும் லைன் போயிருக்கும்மா" என்றான். அவள், "ரிங் போகுது மாமா. எடுக்கல" என்றாள். மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் ரிங் போனது. காஜி புத்தகத்தை மூடினார். உன் மாமா அப்போதும் பெட்டியைக் காட்டி, பச்சை விளக்கு எரிகிறது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் மடையன், ஆனால் மடையன்கூட அன்றைக்கு ஏணியில் ஏறி லைன்காரர்களுக்கு ஒயர் பிடித்துக் கொடுத்தான், மாலைக்குள் இரண்டு லைனும் வந்துவிட்டன. நீ வரவில்லை. இங்கே லைனை லாரி இழுத்தது, அங்கே உன்னை எது இழுத்தது? பெற்றவளுக்குத் தெரியாதா, திரையில் நின்றுபோன அந்த முகம் மூன்றாவதைச் சொல்லப்போகிறவன் முகம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், யாரும் உன்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். லைன் அறுந்தது நல்லதாகப் போயிற்று என்று ஒளிந்துகொண்டாயே, உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று தாஹ்மினா வந்தாள். "வேண்டாம்னாலும் வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க காலாம்மா, நான் எத்தன நாள் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்றாள். கையைப் பிடித்துக் காஜியிடம் அழைத்துப் போனேன். மூன்றாவது சொல் வரவே இல்லை, என் தம்பி சொன்னது பொய், மாப்பிள்ளையைப் பெற்றவள் நானே சொல்கிறேன் என்றேன். அவர் பாதி எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். திரும்பும்போது அவள் ரிக்‌ஷாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன்.

குளிர் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, கண்ட நேரத்தில் சாப்பிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், அதோடு கொஞ்சம் முதுகெலும்பையும் தரட்டும். ஒன்றை மறக்காதே, தாஹ்மினாவை இனி நீ கூப்பிட வேண்டாம், உன் எண்ணை அவள் போனிலிருந்து என் கையாலேயே அழித்துவிட்டேன். என்னைக் கூப்பிடு. நான் எடுப்பேன், பெற்றுத் தொலைத்துவிட்டேனே.

உன் அம்மா,
ஜோஹ்ரா பேகம்