வெள்ளை பனியன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

ஆல்பம் அச்சிடும் எங்கள் கடையில் நேற்று ஒரு கூத்து. நான் நிறம் திருத்திய கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் நீலம் பாரித்து வந்துவிட்டார்கள். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று முதலாளி பிடித்துக்கொண்டார். என் மானிட்டர்தான் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. நானும் மஞ்சளைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

நிறம் அளக்கும் கருவியைத் திரைமேல் வைத்துச் சரிசெய்தேன். சோதித்துப் பார்க்க, போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்தேன். ஏன் மஞ்சளாக இருக்கிறீர்கள் என்று அன்றே கேட்டேன். “லைட்டு அப்படிடா” என்றீர்கள். இப்போது பனியன் வெள்ளை, பின்னால் சுவரும் வெள்ளை. உங்கள் கண்கள் மட்டும் மஞ்சளாகவே இருக்கின்றன, அப்பா.

டாக்டரைப் பார்த்ததும் ஜன்னல் வெளிச்சத்தில், அதே பனியனோடு ஒரு படம் அனுப்புங்கள். வேலை நேரத்தில் திரையின் மூலையில் வைத்துக்கொள்வேன்.

உங்களுக்கு அனுப்பினால் மறைத்துவிடுவீர்கள். அதனால் இதை அக்காவின் செல்லுக்கு அனுப்புகிறேன். இப்போது படித்துக் காட்டுவது அவள்தான். வண்டி வாசலில் நிற்கிறது. சட்டையைப் போடுங்கள்.

உங்கள் மகன்