மேல்வீட்டு அடுப்பு

அன்புள்ள புஷ்பவதிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாயிருக்க மாமாங்கத்துப் பிள்ளையார் துணை. எனக்கென்ன, மொன்றியல் குளிரே என்னைக் கண்டு நடுங்குகிறது.

எங்களோடு இருக்கும் சுபாஸ்கரனின் தாய் ஊரில் காலமான அன்று இங்கே பனிப்புயல். டோர்வல் விமான நிலையத்தில் ஒரு பிளேனும் எழும்பவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை, போனில் செத்தவீட்டைப் பார்த்தபடி பட்டினி கிடந்தான். எங்கள் அறையில் மூத்தவரான தம்பிமுத்து அண்ணை அவன் கையை விடவேயில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலார்தான் சோறு கொடுக்க வேண்டும் அல்லவா? நான் மேல்வீட்டு வெள்ளைக்கார அம்மாவிடம் பிரெஞ்சில் பொழிந்து தள்ளி, அவருடைய அடுப்பில் சோறும் பருப்பும் சமைத்தேன். பிறகு வெளிப்படிக்கட்டால் இறங்கி, கழுத்தளவு பனியில் நீந்தி வந்து, எங்கள் கீழ்வீட்டுக் கதவையே தட்டினேன்.

"ஆரது?"

"பக்கத்து வீட்டுக்காரன். சோறு கொண்டு வந்திருக்கிறன்."

"உங்களுக்கு விசர் அண்ணை" என்று சிரித்த சுபாஸ்கரன், முதல் கவளத்திலேயே உடைந்துபோனான்.

மற்றப்படி இங்கே எல்லாம் நலம். கொஞ்சம் மிளகாய்த்தூள் இடித்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். என் அம்மாவைப் பக்கத்தில் இருத்து. நித்திரை என்றாலும் எழுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் இரவிச்சந்திரன்