ஓரத்தில் குறித்த கொட்டாவிகள்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நானும் உன் தம்பியும் இருக்கிறோம், முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மூன்று நாளாக எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுவிட்டேன், பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகி, உன் தம்பி ஓடிவந்துதான் நிறுத்தினான். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுத்ததும் குழந்தைக்குச் சளி எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ அங்கே பதறிப்போவாய். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்த உன் அப்பா விஷயம்தான்.

செவ்வாய்க்கிழமை பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், முதுகில் ஒரு மூட்டை. முப்பத்தொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அப்பா எழுதியதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம், கையெழுத்துப் பிரதி ஏதாவது இருக்குமா என்று பார்க்க வந்திருந்தாள். அவர் எழுத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன. சூரியன் உதித்தது என்று அவர் எழுதி யாராவது பார்த்ததுண்டா, கதிரவன் தன் பொற்கரங்களால் இருட்போர்வையை விலக்கினான் என்றுதான் வரும். தண்ணீர் ஆபீசில் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குப் பூமாலை என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஆபீசில் நோட்டீஸ் எழுதும்போது மட்டும் நாளை காலை தண்ணீர் வராது, இன்றே பிடித்து வையுங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு எழுத்து மனசுக்கு ஒரு எழுத்து என்று நான் கேலி செய்வேன், அவரும் சிரித்துக்கொள்வார்.

கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை உன் தம்பி இழுத்துப் போட்டான். உள்ளே எல்லாம் பழைய மீட்டர் கணக்குத் தாள்கள், அதன் பின்பக்கத்தில்தான் அவர் எழுதியிருக்கிறார், கட்டுக் கட்டாக நூல் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெண் ஒரு கட்டைப் பிரித்துப் படித்தாள், இன்னொன்றைப் பிரித்தாள், பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலும் ஒரே கட்டுரை இரண்டு தடவை இருக்கிறதும்மா என்றாள். முதலில் ஒன்று, அவர் நோட்டீஸ் எழுதுகிற மாதிரி. அப்புறம்தான் பேப்பரில் வந்தது. நான் நம்பவில்லை, கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். மழையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை உனக்கு ஞாபகம் இருக்கும், விண்ணவர் சொரிந்த முத்துச்சரம் என்று ஆரம்பிக்குமே, பள்ளிக்கூடத்தில் உன்னை மேடையேற்றி ஒப்பிக்கச் சொன்னார்களே. அதற்கு முந்தின தாளில் இப்படி இருக்கிறது: மழை பெய்தது. மூன்றாவது தெருவில் குழாய் உடைந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரியவர் குடையில்லாமல் நின்றுகொண்டு, தம்பி எதுக்குப் புகார் எழுதணும் எதுக்கு எழுதக் கூடாது என்று என்னைக் கேட்டார். இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேலே இந்த மனுஷனோடுதானே இருந்தேன், இப்படி எழுதுகிறவர் எங்கே இருந்தார்?

அந்தப் பெண், இதுதாம்மா புத்தகம், நாங்க இத்தனை நாளா படிச்சது மேல போட்ட கோட்டு மட்டும்தான் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஆசை ஆசையாக உடுத்தின எழுத்தை உரித்துப் போட்டு, அந்த மனுஷனைப் பனியனோடு தெருவில் நிறுத்தப் பாக்கறியா என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து அதன் ஓரத்தைக் காட்டினாள். பென்சிலில் பொடிப் பொடியாக எழுத்து. கொட்டாவி விட்டாள், இரண்டு தடவை. கீழே தேதி. அடுத்த கட்டில், காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கேட்டாளா தெரியவில்லை. அடுத்ததில், கண் சொருகிவிட்டது, மாற்ற வேண்டும். எல்லாம் அந்த முதல் தாள்களில். இரண்டாவது தாள்களில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? அப்பப்பா என்றாள். அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

அது நான்தான், புரிகிறதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டுவார், நீங்கள் இரண்டு பேரும் விளையாடப் போய்விடுவீர்கள். அன்றைக்கும் எனக்கு வேலை உண்டே, காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றால் ஒன்றரை வரைக்கும் நின்றபடிதான், ஈரப் போர்வையைத் தூக்கித் தூக்கித் தோள் இற்றுப்போயிருக்கும். அவர் குழாயையும் பெரியவரையும் பற்றிச் சாதாரணமாகச் சொல்லும்போது வீட்டு மனுஷன் வீட்டுப் பேச்சுப் பேசுகிறார் என்று உடம்பு தளர்ந்து நிம்மதியாகக் கொட்டாவி வரும். அது எழுத்து என்றே எனக்குத் தெரியாது, பேச்சுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் கழித்து வேறு தாளோடு வந்து கதிரவன் பொற்கரம் என்று முழங்குவார். எனக்குப் பாதி புரியாது. எட்டாவதோடு நின்றவள், புரியவில்லை என்று சொன்னால் எளப்பமாகிவிடும் என்று அப்பப்பா என்பேன். புரிந்ததற்குக் கொட்டாவி விட்டேன், புரியாததற்குத் தலையை ஆட்டினேன், அவர் அதைப் பார்த்துப் பார்த்து முப்பத்தொரு வருஷம் எழுத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? நானாவது சொல்லியிருக்கக் கூடாதா? கூட வாழ்ந்து, கூடத் தின்று, ஒரே படுக்கையில் படுத்து, அவருக்கு நான் செய்த காரியத்தைப் பார்த்தாயா.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை, தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போன அந்த வாரத்துக் கட்டும் அதில் இருந்தது. பேப்பரில் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். என் இல்லத்து வானில் ஒளிவீசிய தண்மதியே, மேற்றிசை மேகம் கிழித்துச் சென்றனையோ, என் நெஞ்சமெனும் நீலக்கடல் அலைக்கரம் நீட்டி அரற்றுகின்றதே என்று ஒரு பக்கம் முழுக்க. நீ அதைப் படித்துவிட்டுப் போனில், இதுல நான் எங்கம்மா இருக்கேன், நிலாவைப் பத்தித்தானே எழுதியிருக்கார், நான் ஊரை விட்டுப் போனதுகூட அவருக்கு ஒரு கட்டுரைதானா என்று கேட்டாய். அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், எல்லாம் காதில் விழுந்தது, உன்னிடம் நான் இதைச் சொன்னதில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் நீ கூப்பிட்டால் அவர் நல்லா இருக்கியாம்மா, இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்பதோடு சரி. அவர் போனபோது வந்து ஆறு நாள் இருந்தாய், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உன்மேல் எனக்கு மனத்தாங்கல்தான். இப்போது இல்லை.

ஏனென்றால் அந்தக் கட்டிலும் ஒரு முதல் தாள் இருக்கிறது. அதன் ஓரத்தில், பாதியில் எழுந்து போய்விட்டாள், பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிடிக்காமலா எழுந்து போனேன், தாங்காமல் எழுந்து போனேன். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியில் கேட்காமல் அங்கேயே நின்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவர் பேனாவை எடுத்துவிட்டார், நிலாவைக் கூப்பிட்டுவிட்டார். நான் இரண்டு நிமிஷம் உட்கார்ந்த இடத்திலேயே அழுதிருந்தால் உனக்கு உன் அப்பாவின் கட்டுரை கிடைத்திருக்கும். இதை யாரிடம் போய் முறையிடுவது, சொல்.

பதிப்பகத்துப் பெண்ணிடம் மற்ற கட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். முதல் தாளை அப்படியே போடு, பூமாலையும் வேண்டுமானால் பின்னால் போடு, ஓரத்தில் இருக்கிறதையும் விடாதே, என் கொட்டாவியை ஊரே படிக்கட்டும் என்றேன். உன் தாளை மட்டும் கொடுக்கவில்லை. அவள் கெஞ்சினாள், ஒரு படமாவது எடுத்துக்கிறேம்மா என்றாள், தொடவே விடவில்லை. அது என் கைக்கு வந்த பொருள் இல்லை, உனக்கு எழுதினது. புத்தகத்தில் வரட்டும் என்றால் அவளுக்கு அனுப்பு, வேண்டாம் என்றால் உன் பெட்டியில் வைத்துக்கொள், அடுத்த மாதக் கடைசிக்குள் சொன்னால் போதும் என்கிறாள். நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். முதலில் ஒரு தடவை படி. உன் பெட்டிச் சக்கரம் உடைந்திருந்ததையும், முதல் நாளே மாற்றிக் கொடுத்திருக்கலாம், நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்துவிட்டேன் என்பதையும் எழுதியிருக்கிறார். கடைசி வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பஸ் திரும்பும்வரை அவள் கை காட்டுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன், நானும் கை காட்டவில்லை என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல், குழந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் ஆடவிடாதே, நீயும் வேளைக்குச் சாப்பிடு. தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது மெதுவாகப் பிரி, மடிப்பில் மை உதிர்கிறது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, கடைக்காரன் கண்ணில்கூட அது படக் கூடாது என்று தோன்றிவிட்டது. கைக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல், அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா